ஒப்பனைப் பள்ளி நடத்துவோருக்கு, உங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்கும் ஒருத்தி எழுதுவது

சினிமா, தொலைக்காட்சி ஒப்பனைப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பாடம் எடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

படங்களுக்கும் தொடர்களுக்கும் ஒப்பனை செய்வது என் தொழில். ஒரு படத்தின் ஒப்பனைத் துறை என் பொறுப்பில் வரும்போது உதவியாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலையாகிவிடும். முன்பெல்லாம் யாராவது ஒரு மூத்த ஒப்பனையாளரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பிரஷ் கழுவி, விக் சீவி, மெல்ல மெல்ல நடிகர் முகத்தைத் தொட அனுமதி வாங்கியவர்கள்தான் வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் பள்ளிகளில் படித்தவர்கள். கையில் சான்றிதழ், தோளில் கனமான கிட், போன் நிறையப் படங்கள். கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் எங்களுக்குக் கைவராத நேர்த்தி இவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் படப்பிடிப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே பலர் திணறுகிறார்கள். சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பிய வேலை ஒன்று, இங்கே காத்திருக்கும் வேலை வேறு.

ஒரு முகத்தை ஒரு தடவை நன்றாகச் செய்து, படம் எடுத்து முடிக்க உங்கள் மாணவர்களுக்குத் தெரிகிறது. இங்கே, காலை ஆறு மணிக்குப் போட்ட முகம் மாலை ஆறு மணிக்கும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்த மாதம் வேறொரு இடத்தில் அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். போட்டவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாலும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் யார் நிலைக்கிறார்கள், யார் காணாமல் போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது. மடல் முக்கியமாக அதைப் பற்றித்தான். போகிற போக்கில் வேறு சில மனக்குறைகளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலருடைய பாடத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். 'கன்டினியூட்டி', அதாவது நான் சொன்ன இந்தத் தொடர்ச்சி, என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கடைசி வாரத்தில், ஒரு பிற்பகல். அது ஒரு பிற்பகலில் முடிகிற சமாச்சாரமா?

சாதாரணமான ஒரு உதாரணம் சொல்கிறேன். 17-ஆம் காட்சியில் நாயகனுக்கு இடது புருவத்துக்கு மேலே அடிபடுகிறது. 18-இல் ஆஸ்பத்திரி, தையல். 26-இல் ஐந்தாறு நாள் கழித்து வீட்டில் படுத்திருக்கிறான். 40-இல் பல வாரம் ஓடிவிட்டது, தழும்பு மட்டும். படப்பிடிப்பு இந்த வரிசையில் நடக்காது. ஆஸ்பத்திரி எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அதுதான் முதல் நாள். ஆக, அடி எப்படி விழும் என்று சண்டைப் பயிற்சியாளரே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார், அதற்குள் தையல் போட்ட காயத்தை நாம் செய்து காட்டியாக வேண்டும். அதற்குத் திரைக்கதையை முழுக்கப் படித்திருக்க வேண்டும். காட்சி காட்சியாகப் பிரித்து, கதைக்குள் அது எத்தனையாவது நாள் என்று குறித்திருக்க வேண்டும். இயக்குநரிடமும் சண்டைப் பயிற்சியாளரிடமும் போய், அடிப்பது கம்பியாலா, கையாலா, கண்ணாடித் துண்டாலா என்று கேட்டிருக்க வேண்டும். கம்பி என்றால் தோல் பிளக்கும். கை என்றால் வீங்கிக் கன்றும். கண்ணாடி என்றால் ஓரம் கூர்மையான கீறல்கள். அப்புறம் நாள் கணக்கு. புதுக் கன்றல் சிவப்பாக இருக்கும். ஓரிரு நாளில் நீலமும் ஊதாவும் ஏறும். ஐந்தாறு நாளில் ஓரங்களில் பச்சை படரும். பிறகு மஞ்சளும் பழுப்புமாக மங்கிப் போகும். 26-ஆம் காட்சிக்குப் பளீரென்று சிவப்பை அப்பிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு வண்ணம் கலக்கத் தெரியாமல் இல்லை. காட்சியைப் படிக்கவில்லை. படிப்பதும் தன் வேலைதான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இதே மாதிரி ஒரு காயத்தை இன்னொரு நாள் மறுபடி போட வேண்டி வந்தது. உதவியாளர் தன் போனில் இருந்த படத்தைப் பார்த்து மிகத் துல்லியமாகப் போட்டிருந்தார். தையல் எண்ணிக்கை சரி, வீக்கம் சரி, காய்ந்த ரத்தத்தின் நிறம்கூடச் சரி. நடிகர் தன் இடது புருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு அன்னைக்கு அடிபட்டது இந்தப் பக்கம் இல்லையா?" என்று கேட்டார். முன்பக்கக் கேமராவில், நடிகரோடு சேர்ந்து நின்று எடுத்த செல்ஃபி அது. அந்தப் போன் படத்தை இடவலம் மாற்றிச் சேமித்து வைத்திருந்தது. காயம் வலது புருவத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சட்டையில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையை நான் திட்டவில்லை. கன்டினியூட்டிப் படம் எப்படி எடுப்பது என்று அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

எப்படி எடுப்பது? பின்பக்கக் கேமரா. நேர் முகம், இரண்டு பக்கவாட்டு, தலையின் பின்புறம், காயமோ மச்சமோ இருந்தால் அது மட்டும் கிட்டத்தில். எல்லாப் படத்திலும் ஒரே வெளிச்சம், ஃபில்டர் கிடையாது. காட்சி எண், கதை நாள், கதாபாத்திரத்தின் பெயர் எழுதிய தாள் படத்துக்குள் இருக்க வேண்டும். காட்சி தொடங்கும் முன் ஒரு தொகுப்பு, முடிந்த பிறகு ஒரு தொகுப்பு. நடுவில் வியர்த்திருக்கும், தலை கலைந்திருக்கும், கதாநாயகி அழுதிருந்தால் மை இறங்கியிருக்கும். அடுத்த ஷாட் வேறொரு நாள் எடுக்கப்பட்டால் அந்தக் கலைந்த நிலையிலிருந்துதான் தொடர வேண்டும். படம் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். எந்த பேஸ் (முகத்தின் அடிப்பூச்சு), எந்த எண்ணில் எவ்வளவு கலந்தது, எந்த பிரஷ், மீசை எந்தப் பசையில் ஒட்டப்பட்டது, எதற்கு முன் எது போடப்பட்டது. எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்வேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். செலவில்லாதது. இருபது பக்கத்துக்கு ஒரு குட்டித் திரைக்கதை கொடுங்கள். ஒரு மாணவர் அதைப் பிரித்து, நடுவில் உள்ள ஒரு காட்சிக்கு ஒரு மாடலுக்கு ஒப்பனை செய்து, படமும் குறிப்பும் எடுத்து வைக்கட்டும். மூன்று வாரம் கழித்து அந்தக் குறிப்பை மட்டும் வேறொரு மாணவரிடம் கொடுத்து, அதே முகத்தைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். முதல் மாணவர் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இருவருக்கும் ஒரே மதிப்பெண் போடுங்கள். முதல் தடவை எல்லோரும் தோற்பார்கள். பரவாயில்லை. அந்தத் தோல்வி உங்கள் வகுப்பறையில் நடக்கட்டும். இங்கே நடந்தால் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கேமரா. இந்தத் தொழில் பிறந்ததே கேமராவின் கண்ணுக்காகத்தான். மெளனப் படக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பான உதடு திரையில் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப் போகும். மேடை நாடகத்துக்காகச் செய்த கெட்டியான பூச்சுக்குச்சிகள் நெருக்கக் காட்சியில் வெடித்துத் தெரிந்தன. அதனால்தான் 1914-இல் ஒப்பனைப் பொருள் தயாரிப்பாளர் மேக்ஸ் ஃபேக்டர் மெல்லியதான, முகத்தோடு அசையக்கூடிய ஒரு பூச்சைச் சினிமாவுக்கென்றே தயாரித்தார். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் 1920-களில் பரவியதும் பழைய நிறங்கள் பயனில்லாமல் போயின. டெக்னிகலர் வண்ணப் படம் வந்தபோது எண்ணெய்ப் பூச்சு பக்கத்து நிறங்களைப் பிரதிபலித்துக் கெடுத்தது. 1930-களின் பிற்பகுதியில், தண்ணீர் தொட்டுப் பூசும் பேன்கேக் பிறந்தது அதற்காக. பின்னால் ஹெச்டி தொலைக்காட்சி வந்து, பூச்சின் ஓரத்தையும் விக்கின் லேஸையும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பார்க்க முடிகிற நிலையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தடவையும் கேமராதான் முதலில் மாறியது, நாங்கள் பின்னால் ஓடினோம். அப்படிப்பட்ட தொழிலுக்கு வருகிற மாணவருக்கு மஞ்சள் சாயும் 3200 கெல்வின் விளக்கும் பகல் வெளிச்சம் போன்ற 5600 கெல்வின் விளக்கும் ஒரே முகத்தை எப்படி இரண்டு முகமாக்கும் என்று தெரியாவிட்டால் எப்படி? மலிவான எல்ஈடி விளக்கு தோலில் பச்சை ஏற்றும், பச்சைத் திரைக்கு முன்னால் பச்சைக் கண்மை போட்டால் கண்ணிமையே காணாமல் போகும் என்பதெல்லாம் முதல் நாள் வேலைக்கு வருமுன் தெரிந்திருக்க வேண்டியவை. ஒளிப்பதிவாளரோடு பேசத் தெரிய வேண்டும். கேமரா டெஸ்ட் என்றால் என்ன, அதில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும். பின்னால் நிறங்களைச் சீராக்கும் கலர் கிரேடிங்கில் படம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று விசாரிக்கத் தெரிய வேண்டும்.

இங்கே உங்கள் மாணவர்கள் வேலை கேட்டு வரும்போது காட்டும் படத் தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட்ட விளக்கைக் கண்ணுக்கு நேரே வைத்து எடுத்த படங்களாகவே கொண்டுவருகிறார்கள். கண்மணிக்குள் ஒரு வெள்ளை வளையம், தோலில் ஒரு துவாரம்கூட இல்லை. அது ஒப்பனையா, ஃபில்டரா என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட முப்பது படத்தை நான் புரட்டிவிட்டு மூடிவிடுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நடுவயது ஆணின் முகம், ஒப்பனை செய்திருக்கிறது என்றே தெரியாத அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால் அங்கே என் கை நிற்கும். உங்கள் தொகுப்புகளில் ஆண்கள் எங்கே? வயதானவர்கள் எங்கே? ஒரு படத்தில் வரும் முகங்களில் பாதிக்கு மேல் அழகாக்க வேண்டிய முகங்களே இல்லை. தூங்காத முகம், வெயிலில் வேலை செய்த முகம், நேற்றுக் குடித்த முகம், பிரசவம் ஆன மறுநாள் முகம். இவற்றைச் செய்யத் தெரிந்தவருக்கு வேலை இல்லாத நாள் குறைவு.

கறுத்த முகங்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும். நிழற்பட உலகம் நீண்ட காலம் வெள்ளைத் தோலையே அளவுகோலாக வைத்திருந்தது. கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று கணக்கு. ஒப்பனைப் பொருட்களும் அதே வழியில்தான் வந்தன. 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தபோது அது உலகச் செய்தியானது என்றால், அதுவரை நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் வந்துவிட்டது, பாடம் வரவில்லை. உங்களிடமிருந்து வருகிற பலர் கறுத்த தோலைக் கண்டதும் இரண்டு நிறம் வெளுப்பாக ஏற்றிப் பூசுகிறார்கள். இல்லையென்றால் வெள்ளைப் பவுடரை அடித்து, மானிட்டரில் சாம்பல் பூத்த முகமாக்கி நிறுத்துகிறார்கள். கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை. அதற்குள் சிவப்பு ஓடுகிறதா, மஞ்சளா, நீலமா, ஆலிவா என்று பார்க்க வேண்டும். நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிட அடர்த்தியாக இருப்பது இயல்பு. அதை முழுக்க மட்டமாக்கினால் முகமூடி. பயிற்சிக்கு வரும் மாடல்கள் எல்லோரும் ஒரே நிறத்தில், ஒரே வயதில் இருந்தால் அந்த வகுப்பை நடத்தவே வேண்டாம் என்பது என் கட்சி.

சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் சொல்லித்தருகிறீர்கள் என்று தெரியும். ஆனால் தேர்வு நாளில் மட்டும் கடைப்பிடிக்கிற சுத்தமாக அது இருக்கிறது. லிப்ஸ்டிக்கைக் குச்சியோடு உதட்டில் தேய்ப்பதை இன்னும் பார்க்கிறேன். ஸ்பேட்டுலாவால் எடுத்துத் தட்டில் வைத்து, அங்கிருந்து பிரஷில் எடுப்பது கையின் பழக்கமாகிவிட வேண்டும், யோசித்துச் செய்வதாக இருக்கக்கூடாது. மஸ்காரா பிரஷ் ஒருவருக்கு ஒன்று, ஒரு தடவை தோய்த்ததைத் திரும்ப உள்ளே விடக்கூடாது. 99 சதவீத ஆல்கஹால் இருந்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமி நீக்க 70 சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும், அதில் இருக்கும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. லேடெக்ஸ், ஒட்டும் பசை எதுவானாலும் முன்கூட்டியே கையில் சிறிது தடவி ஒரு நாளாவது பார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். வாய்க்குள் போகும் ரத்தம் வேறு, சட்டையில் தெளிக்கும் ரத்தம் வேறு. நிறக் கான்டாக்ட் லென்ஸை நாம் மாட்டக்கூடாது, அதற்குப் படித்தவர் வந்து மாட்ட வேண்டும்.

உங்கள் பள்ளிகளில் அநேகமாக யாருமே நடத்தாத ஒரு பாடம் இருக்கிறது. ஒப்பனையைக் கலைப்பது. போடுவதற்கு மூன்று மணி நேரம் பாடம் எடுப்பீர்கள், படம் எடுத்ததும் வகுப்பு முடிந்துவிடும். மாடல் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்வார். இங்கே, பன்னிரண்டு மணி நேரம் ஒட்டியிருந்த சிலிகான் கன்னத்தைக் கழற்றும்போது நடிகர் களைத்துப்போய், வண்டி வெளியே நிற்க, "சீக்கிரம் பிய்த்து எடுங்க" என்பார். பிய்க்கக்கூடாது. ஒரு தட்டைப் பிரஷைப் பசை நீக்கியில் தோய்த்து, ஓரத்தில் ஒரு இடத்தைத் திறந்து, பிரஷைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்து, பசை தானாக விடும் வேகத்தில் உள்ளே நகர வேண்டும். துண்டை இழுக்கக்கூடாது, பிரஷ்தான் போக வேண்டும். கண்ணோரம் வரும்போது மடித்த திசுத்தாளை இமைக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும், நீக்கி வழிந்து கண்ணுக்குள் போய்விடும். முடிந்ததும் மீதிப் பசையை எண்ணெயால் எடுத்து, முகத்தைக் கழுவி, வெதுவெதுப்பான துண்டு வைத்து, ஈரப்பதம் கொடுத்து அனுப்ப வேண்டும். ஏனென்றால் நாளை காலை நான்கரை மணிக்கு அதே தோலின் மேல்தான் மறுபடியும் ஒட்டப்போகிறோம். இன்றைக்குச் சிவந்து போன கன்னத்தில் நாளைக்குப் பசை எரியும், மூன்றாம் நாள் புண்ணாகும், நான்காம் நாள் படப்பிடிப்பு நிற்கும். ஒப்பனையாளரை நடிகர்கள் திரும்பக் கேட்பது பெரும்பாலும் இந்த முக்கால் மணி நேரத்தை வைத்துத்தான்.

எல்லோருக்கும் அரக்கனும் பேயும் செய்யத்தான் ஆசை. புரிகிறது, எனக்கும் இருந்தது. அதற்கென்று தனிப் பட்டறைகள், தனிப் படிப்பு, சிற்பம் தெரிந்த கை எல்லாம் வேண்டும். செயற்கைத் துண்டுகளை முகத்தில் ஒட்டக் கற்றுத்தருவதாக மூன்று நாள் 'புராஸ்தெட்டிக் பயிலரங்கு' நடத்தி அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

தொலைக்காட்சி பற்றி உங்கள் வகுப்புகளில் ஏதோ இரண்டாம் தரம் என்ற தொனி இருப்பதாக மாணவர்கள் வாயிலாகத் தெரிகிறது. சினிமா கிடைக்காவிட்டால் சீரியல், அதுவும் இல்லாவிட்டால் செய்தி அறை. டிக் ஸ்மித்தின் கதையைச் சொல்லுங்கள் அவர்களுக்கு. நவீன ஒப்பனையின் தந்தை என்று இன்று எல்லோரும் வணங்கும் அந்த மனிதர் 1945-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒப்பனைத் துறையைத் தொடங்கி, பதினான்கு வருடம் அங்கேதான் இருந்தார். நேரடி ஒளிபரப்பு, நிமிடக் கணக்கில் முகம் மாற்ற வேண்டும், திரும்ப எடுக்க வழியே இல்லை. அந்த வேகத்தில் பழகிய கைதான் பின்னாளில், 1970-இல் வந்த ஒரு படத்தில் முப்பது சொச்சம் வயது டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கியது. முகம் முழுவதுக்கும் ஒரே முகமூடியாகச் செய்யாமல், தனித்தனித் துண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒட்டினார். முகம் அசைந்தது, நடிப்பு வெளியே வந்தது. செய்தி அறையில் ஐந்து நிமிடத்தில் ஒரு விருந்தினரின் வழுக்கையில் பளபளப்பை அடக்கி, அவர் மேக்கப் போட்டிருப்பதாகவே உணராமல் அனுப்பி வைக்கத் தெரிந்தவரை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வேன்.

ஸ்மித்திடம் நீங்கள் கற்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அவர் காலத்து ஒப்பனையாளர்கள் கலவையையும் உத்தியையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள், அடுத்தவன் பார்த்துவிடக்கூடாது என்று. இவர் கேட்டவர்களுக்கெல்லாம் கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூட வயதில் அவரைத் தேடி வந்த ரிக் பேக்கர், 1982-இல் ஒப்பனைக்கென்று ஆஸ்கர் நிரந்தரப் பிரிவு தொடங்கியபோது அதன் முதல் விருதை வாங்கினார். ஜப்பானிலிருந்து மாணவனாக அவருக்குக் கடிதம் எழுதிய கஸு ஹிரோ பின்னாளில் இரண்டு முறை அதே விருதை வாங்கினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களில் சிலர் கலவையின் பெயரைச் சொல்லாமல் 'நம்ம அகாடமி ஸ்பெஷல்' என்று லேபிளை உரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதாகக் கேள்விப்படுகிறேன்.

படப்பிடிப்புத் தள நடத்தைக்கும் ஒரு வகுப்பு வேண்டும். டச்சப் எப்போது போவது, எப்போது போகாமல் இருப்பது. உணர்ச்சிகரமான காட்சிக்கு நடிகை தன்னைத் தயார் செய்துகொண்டு நிற்கும்போது மூக்கில் ஒரு பொட்டு பளபளப்பு தெரிகிறது என்று பவுடர் பஃபோடு ஓடுகிறவர் துறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார். வியர்வையைத் துடைக்கக்கூடாது, திசுத்தாளை மடித்து ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்தால் பேஸும் சேர்ந்து வரும். மானிட்டர் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும், போனை அல்ல.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. கன்டினியூட்டிப் படங்கள் ஒப்பனையாளரின் சொத்து இல்லை. நாயகியின் முதல் தோற்றத்தைப் படக்குழு அறிவிக்கும் முன் சமூக ஊடகத்தில் போட்டு, லைக்குகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மறுநாள் வேலையில் இல்லை. ஒப்பனை நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார், கல்யாணம் முறிவது வரைக்கும். அந்தப் பேச்சு அந்த அறைக்கு வெளியே போகக்கூடாது. நீங்கள் மாணவர்களைத் தினமும் ரீல்ஸ் போடச் சொல்லிப் பழக்குகிறீர்கள், பள்ளிக்கும் விளம்பரமாகிறது. எதைப் போடக்கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள்.

இனி உங்கள் விளம்பரங்களுக்கு வருகிறேன். 'படிப்பு முடிந்ததும் சினிமாவில் வேலை உறுதி.' யாராலும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் சான்றிதழைப் பார்த்து நான் இதுவரை ஒருவரையும் எடுத்ததில்லை, எனக்குத் தெரிந்த எந்தத் துறைத் தலைவரும் எடுத்ததில்லை. வழி எப்படிப் போகும் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். முதலில் குறும்படங்கள், மாணவர் படங்கள். அப்புறம் கூட்டக் காட்சி நாட்களில் தினக்கூலியாக, வரிசையில் நிற்கும் நூறு பேருக்கு மண்ணும் வியர்வையும் பூசும் வேலை. அங்கே வேகமும் நிதானமும் தெரிந்தால் பெயரை யாராவது குறித்துக்கொள்வார்கள். பிறகு பயிற்சி உதவியாளர், உதவியாளர், முதன்மை உதவியாளர். துறைத் தலைவராகப் பல வருடம் ஆகும். பல இடங்களில் சங்க அட்டை வேண்டும், அதற்குத் தனி விதிகள். அந்த விதிகளும் எப்போதும் நியாயமாக இருந்ததில்லை. இந்தியாவில் பெண்களுக்கு ஒப்பனையாளர் அட்டை தராமல் தலையலங்காரத்தோடு நிறுத்தி வைத்திருந்த சங்க விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் சொன்ன பிறகுதான் சட்டப்படி அந்தக் கதவு திறந்தது. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் எதற்குள் நுழையப் போகிறார்கள் என்று தெரிந்து நுழையட்டும்.

கிட் விற்பதை நிறுத்துங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சரி, குறையுங்கள். ஆறு பேஸ் நிறம் இருந்தால் கலந்து எதையும் எடுக்கலாம், கலக்கத் தெரிந்தால். கடன் வாங்கி முழுப் பெட்டி வாங்கிய பிள்ளை, முதல் இரண்டு வருடம் சம்பளமில்லாத வேலைகளை மறுக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். அதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும்.

அதனால் பணம் பேசவும் சொல்லிக்கொடுங்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு, அதற்கு மேல் போனால் என்ன, பொருள் செலவு யாருடையது, கிட் வாடகை உண்டா, பணம் எப்போது வரும். இவ்வளவையும் வேலைக்கு முன் ஒரு செய்தியிலாவது எழுதி வாங்க வேண்டும். 'பணம் இல்லை, ஆனால் டைட்டிலில் பெயர் வரும்' என்று வருகிற அழைப்புகளில் எதை ஏற்கலாம், எதை விடலாம்? என் கணக்கு: எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிற மாணவர் படம் என்றால் போகலாம். கேமராவுக்கு வாடகை கொடுத்துவிட்டு ஒப்பனைக்கு மட்டும் பணமில்லை என்றால் போகக்கூடாது. பில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் வாட்ஸப்பில் "சார், என் பேமென்ட்" என்று மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கும் திறமைசாலிகளை எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தை எழுத உட்காரும்போது, இப்போது வேலையில் இருக்கும் துறைத் தலைவர்கள் இரண்டு மூன்று பேரையும், ஒரு ஒளிப்பதிவாளரையும், கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் ஒருவரையும் கூப்பிட்டு வையுங்கள். அந்தக் குறிப்புப் பயிற்சியை நடத்துவதானால் நான் வந்து மதிப்பெண் போடத் தயார். இலவசமாக வருவேன் என்று சொல்ல மாட்டேன், இப்போதுதான் பில் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறேன். ஆனால் தள்ளுபடி உண்டு.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒப்பனையாளர் ஒருத்தி